அப்கிரேடு போட்ட பிறகு திரை பெருத்துவிட்டதா? லினக்ஸ் ரெசல்யூஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பக்கம் நாலைந்து பனியன் கம்பெனி ஆபீஸ், ஒரு லேபிள் டிசைன் கடை, அப்புறம் ஒறம்பரை வீடுகள் என்று லினக்ஸ் ஓடுகிற கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டுவிலோ மின்ட்டிலோ பதிப்பு மாற்றிய மறுநாள் காலையில் போன் வரும். "ஏனுங்க, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, இன்னிக்கு ஐகான் எல்லாம் இட்லி சைஸுல நிக்குதுங்க." ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் போனில் சொல்கிற மாதிரி தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முன்னால் 1920க்கு 1080 இருந்தது. இப்போது பட்டியலில் 1024க்கு 768ஐத் தாண்டி ஒன்றுமே இல்லைங்க. செட்டிங்ஸில் எங்கே மாற்றுவது?

செட்டிங்ஸில் மாற்ற முடியாது. அங்கே தெரிகிற பட்டியல் யாரோ எழுதி வைத்தது இல்லை. ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் புதிதாகத் தயாராவது. அது தயாராக இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, உங்கள் கிராஃபிக்ஸ் சிப்புக்கு உரிய டிரைவர் கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி அது) ஏறியிருக்க வேண்டும். இரண்டு, மானிட்டர் "நான் இன்ன கம்பெனி, எனக்கு இன்னின்ன அளவெல்லாம் வரும்" என்று கேபிள் வழியாகச் சொல்ல வேண்டும். அந்தச் சேதிக்கு இடிட் என்று பெயர், அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட்டுதான். இந்த இரண்டில் எது அறுந்தாலும் பட்டியல் சுருங்கிவிடும், நீங்கள் செட்டிங்ஸை எத்தனை முறை திறந்து மூடினாலும் அது நீளாது.

எது அறுந்திருக்கிறது என்று பட்டியலே காட்டிக்கொடுக்கும். மாற்றவே இடமில்லாமல் ஒரே ஓர் அளவு மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் டிரைவர் ஏறவில்லை. 1024க்கு 768, 800க்கு 600, 848க்கு 480, 640க்கு 480 என்று நாலைந்து தெரிந்தால் டிரைவர் நன்றாகத்தான் இருக்கிறது, இடிட் வந்து சேரவில்லை. மானிட்டரிடமிருந்து பதில் வராதபோது கெர்னல் தானாகப் போட்டுக்கொள்கிற பட்டியல்தான் அது. 848க்கு 480 என்கிற விசித்திர அளவைப் பார்த்தால் நான் நேராகக் கேபிளைப் பிடித்துப் பார்ப்பேன்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. டெர்மினலில் எல்எஸ்பிசிஐ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் கே-யும் போடுங்கள். நீளமாக ஏதேதோ ஓடும். அதில் விஜிஏ அல்லது 3டி என்று வருகிற இடத்தைத் தேடுங்கள், அதற்குக் கீழே "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்று ஒரு வரி இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் ஐ915, ஏஎம்டி என்றால் ஏஎம்டிஜிபியு அல்லது ரேடியான், என்விடியா என்றால் என்விடியா அல்லது நூவோ. அந்த வரியே இல்லை என்றால் டிரைவர் ஏறவில்லை.

இன்னொரு அடையாளம், டிரைவர் ஏறாதபோது எக்ஸ்ரேண்டர் (எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர்) என்று தட்டினால் திரைக்கு டிஃபால்ட் என்றோ நன்-1 என்றோ அன்னோன்-1 என்றோ பெயர் வரும். உரிய டிரைவர் இருந்தால் விஜிஏ-1, எச்டிஎம்ஐ-1, இடிபி-1 என்று கேபிளின் பெயரே வந்திருக்கும். செட்டிங்ஸில் "அபவுட்" பக்கத்தில் கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று போட்டிருந்தால் கிராஃபிக்ஸ் சிப் சும்மா உட்கார்ந்திருக்க, படம் வரைகிற வேலையையும் பிராசஸரே சுமக்கிறது என்று அர்த்தம். அப்போது யூடியூப் திக்கும், மின்விசிறி சத்தம் போடும். ரெசல்யூஷன் மட்டும்தான் கெட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதையும் கவனியுங்கள்.

நான் ஒன்றும் செய்யவில்லையே, அப்கிரேடு மட்டும்தானே போட்டேன். டிரைவர் எப்படிப் போகும்?

இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்கு டிரைவர் கெர்னலோடே வருகிறது, அதனால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. என்விடியாவின் சொந்த டிரைவர் அப்படி இல்லை. கெர்னல் மாறும்போதெல்லாம் அதற்கு ஏற்றபடி மறுபடி கட்டி எடுக்கவோ, தயார் நிலையில் உள்ள பொதியாக வந்து சேரவோ வேண்டும். உபுண்டு 22.04 வெளிவந்தபோது கெர்னல் 5.15, 24.04இல் 6.8. மின்ட் 22ம் அந்த 24.04 மேல்தான் நிற்கிறது. இவ்வளவு பெரிய தாவலில் பழைய டிரைவர் கூடவே தாவ முடியாமல் போகலாம்.

இன்னொன்று, பதிப்பு மாற்றும்போது வெளியார் ரெப்பாசிட்டரிகளை உபுண்டு அணைத்துவிடும். பிபிஏ (அப்படிப்பட்ட வெளியார் ரெப்பாசிட்டரிதான்) சேர்த்து டிரைவர் போட்டிருந்தீர்கள் என்றால் அந்த வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது, நீங்கள்தான் மறுபடி திறந்துவிட வேண்டும். என்விடியா தளத்திலிருந்து நேரடியாக ஃபைலை இறக்கி நிறுவியிருந்தால் அதைவிட மோசம், முதல் கெர்னல் மாற்றத்திலேயே அது விழலாம். தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.

உடனே ஒரு வேலை முடிக்க வேண்டும். தற்காலிகமாகப் பழைய நிலைக்குப் போக முடியுமா?

முடியும், பழைய கெர்னல் இன்னும் அழியாமல் இருந்தால். கணினியை மறுபடி எழுப்பும்போது பழைய பயாஸ் பெட்டி என்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள், புதிய யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப்பை ஒரு தட்டு. எந்தக் கெர்னலில் எழுவது என்று கேட்கிற கிரப் மெனு வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே போனால் கெர்னல்கள் வரிசையாக இருக்கும், இரண்டாவதாக உள்ள பழையதைத் தேர்ந்தெடுங்கள். அதில் திரை சரியாக வந்தால் நோயும் தெரிந்துவிட்டது: மானிட்டரும் கேபிளும் குற்றமற்றவை, புதிய கெர்னலுக்கு டிரைவர் இல்லை. வேலையை முடித்துவிட்டு ஆற அமர அதைச் சரிசெய்யலாம். அதுவரை ஆட்டோரிமூவ் கட்டளையைப் போட்டுவிடாதீர்கள், அது பழைய கெர்னலைக் கூட்டித் தள்ளிவிடலாம்.

என்விடியா கார்டுதான். என்ன செய்வது?

முதலில் உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ் என்று தட்டுங்கள் (நடுவில் உள்ளது கழித்தல் குறி, டிவைசஸுக்கு முன் இடைவெளி). உங்கள் கார்டுக்கு ஒத்துவருகிற டிரைவர்கள் எண்களோடு வரும், ஒன்றின் பக்கத்தில் "ரெகமண்டட்" என்று இருக்கும். சூடோ (எஸ், யு, டி, ஓ) உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால் என்று கொடுத்தால் அதையே நிறுவிக்கொள்ளும். மின்ட்டில் டிரைவர் மேனேஜர் என்று தனிச் சாளரமே உண்டு, அங்கே தேர்ந்தெடுத்தால் போதும். இரண்டிலும் இணையம் வேண்டும்.

நிறுவியும் ஏறவில்லை என்றால் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று தட்டிப் பாருங்கள் (கெர்னலுக்கு ஏற்றபடி டிரைவரைக் கட்டுகிற கருவிதான் டிகேஎம்எஸ்). என்விடியா பெயருக்கு எதிரே இப்போது ஓடுகிற கெர்னலின் எண்ணும் "இன்ஸ்டால்டு" என்ற சொல்லும் இருக்க வேண்டும் (ஓடுகிற கெர்னல் எது என்பதை யூநேம், கழித்தல், ஆர் சொல்லும்). "ஆடட்" என்று மட்டும் நின்றிருந்தால் கட்டும் வேலை நடக்கவில்லை. பெரும்பாலும் அந்தக் கெர்னலின் ஹெடர்ஸ் பொதி இல்லாததுதான் காரணம். சூடோ ஏபிடி இன்ஸ்டால் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் போட்டுவிட்டு டிரைவரை மறுபடி நிறுவுங்கள். உபுண்டுவில் ரெடிமேடாகக் கட்டிய டிரைவர் பொதி வந்திருந்தால் டிகேஎம்எஸ் பட்டியலில் என்விடியாவே இருக்காது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அடுத்தது கார்டின் வயது. நம் ஊர் அசெம்பிள் பெட்டிகளில் பத்துப் பன்னிரண்டு வருட கார்டுகள் இன்னும் சளைக்காமல் உழைக்கின்றன. 210 போன்ற கார்டுகளுக்கு 340 வரிசை டிரைவரோடு கதை முடிந்தது. ஜிடி 520, ஜிடி 610 போன்றவை 390 வரிசை, அதற்கான ஆதரவை 2022 முடிவில் என்விடியா நிறுத்திவிட்டது. ஜிடி 710 கார்டும் ஜிடி 730இல் பெரும்பாலானவையும் 470 வரிசை. 730இல் மட்டும் ஒரு குழப்பம் உண்டு: அதே பெயரில் பழைய தலைமுறைச் சிப் போட்டும் விற்றார்கள், அது 390 வரிசைக்குத்தான் சேரும். பெட்டியின் மேல் உள்ள பெயரை நம்பாமல் எல்எஸ்பிசிஐ காட்டுகிற சிப்பின் பெயரைப் பாருங்கள். ஜிஎஃப் என்று தொடங்கினால் பழசு, ஜிகே என்று தொடங்கினால் அதற்கு அடுத்தது.

340, 390 வரிசைக் கார்டு வைத்திருப்பவர்கள் என்விடியாவின் சொந்த டிரைவரோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. சூடோ ஏபிடி பர்ஜ் போட்டு, ஒற்றை மேற்கோளுக்குள் என்விடியா-நட்சத்திரக்குறி என்று கொடுத்து அந்தப் பொதிகளை எடுத்துவிட்டு, கணினியை மறுபடி எழுப்புங்கள். நூவோ என்கிற திறந்த டிரைவர் தானாக ஏறிக்கொள்ளும். விளையாட்டுக்கு அது சோப்ளாங்கிதான். டாலி பார்க்கவும் பில் போடவும் இங்க்ஸ்கேப்பில் லேபிள் வரையவும் 1920க்கு 1080 முழுசாக வரும், ஆபீஸுக்கு அது போதும்.

டிரைவர் நிறுவும்போது ஏதோ பாஸ்வேர்டு கேட்டது, அப்புறம் நீலத் திரை ஒன்று வந்தது. நான் கண்டினியூ கொடுத்துவிட்டேன்.

அங்கேதான் வழுக்கியது. செக்யூர் பூட் இயங்குகிற கணினியில், கையொப்பம் தெரியாத டிரைவரைக் கெர்னல் உள்ளே விடாது. உங்கள் கணினியிலேயே கட்டிய டிரைவருக்கு உங்கள் கணினியின் சாவியாலேயே கையொப்பம் போட்டு, அந்தச் சாவியை மதர்போர்டிடம் ஒரு முறை அறிமுகப்படுத்த வேண்டும். நீலத் திரை அதற்குத்தான். கண்டினியூ கொடுத்தால் அறிமுகம் நடக்காமல் போய்விடும்.

திரும்பச் செய்ய: சூடோ மோக்யூட்டில் (எம், ஓ, கே, யு, டி, ஐ, எல்), இரட்டைக் கழித்தல் இம்போர்ட், அப்புறம் வார் ஃபோல்டருக்குள் லிப், அதற்குள் ஷிம்-சைன்டு, அதற்குள் மோக், அதற்குள் இருக்கிற மோக்.டெர் ஃபைலின் முழுப் பாதை. ஃபைல் பெயரில் எம், ஓ, கே மூன்றும் பெரிய எழுத்து, ஃபோல்டரில் சின்ன எழுத்து. புதிதாக ஒரு பாஸ்வேர்டு கேட்கும், அடுத்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் தேவைப்படுவது, எளிதாக வையுங்கள். மறுபடி எழும்போது நீலத் திரையில் என்ரோல் மோக், கண்டினியூ, யெஸ், அந்தப் பாஸ்வேர்டு, ரீபூட். அவ்வளவுதான். வீட்டுக் கணினியில் செக்யூர் பூட்டையே அணைத்துவிடுகிறேன் என்றாலும் குடி முழுகிவிடாது, ஆபீஸ் லேப்டாப் என்றால் அங்கே கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் இன்டெல்தான், வேறு கார்டே இல்லை. அதற்கும் இப்படி ஆகிறதே?

அப்படியென்றால் நோமோட்செட் என்ற சொல்லைத் தேடுங்கள். எப்போதோ நிறுவும்போது திரை கருப்பாக நின்றது, யாரோ "இந்த வார்த்தையைச் சேர்" என்று சொல்லியிருப்பார்கள், அல்லது நீங்களே "சேஃப் கிராஃபிக்ஸ்" என்று தேர்ந்தெடுத்திருப்பீர்கள். கிராஃபிக்ஸ் டிரைவரைத் திரை அளவைத் தொடாதே என்று தடுக்கிற சொல் அது. இக்கட்டு நேரத்துக்கு நல்லது, நிரந்தரமாக வைத்தால் இதுதான் கதி. சூடோ நானோ போட்டு, இடிசி ஃபோல்டரில் டிஃபால்ட் என்பதற்குள் உள்ள கிரப் ஃபைலைத் திறந்து, "கொயட் ஸ்பிளாஷ்" என்று இருக்கிற வரியில் அந்தச் சொல் இருந்தால் அழித்துச் சேமியுங்கள். அப்புறம் சூடோ அப்டேட்-கிரப். மறுபடி எழுப்பினால் சரியாகிவிடும்.

அப்கிரேடு பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. அப்போதிருந்துதான் இப்படி.

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்! பொதிகள் பாதி அவிழ்ந்து பாதி அமைந்து நிற்கின்றன. சூடோ டிபிகேஜி, இரட்டைக் கழித்தல் கான்ஃபிகர், இடைவெளி, கழித்தல் ஏ. அது முடிந்ததும் சூடோ ஏபிடி, கழித்தல் எஃப், இன்ஸ்டால். பிறகு சூடோ ஏபிடி அப்டேட், சூடோ ஏபிடி ஃபுல்-அப்கிரேடு. பெரும்பாலும் டிரைவரும் அதிலேயே வந்து சேர்ந்துவிடும். அடுத்த முறை யூபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று அறிவித்த நாளில் ஆரம்பிப்பவர்களை என்னவென்று சொல்வது.

டிரைவர் ஐ915 என்று சரியாகவே காட்டுகிறது. பட்டியலில் அந்த 848க்கு 480ம் இருக்கிறது. அப்போ கேபிளா? ஆனால் நேற்று வரை அதே கேபிள்தானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் ஏமாறுகிற இடம் இதுதான், நானும் ஏமாந்திருக்கிறேன்.

பல்லடம் பக்கம் ஒரு தறிக் குடோன். ஆபீஸ் அறைக்கும் தறிகளுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான், மேசையில் டம்ளர் தண்ணீர் வைத்தால் அலை ஓடும். அங்கே அப்கிரேடு போட்டு மறுபடி எழுப்பினேன், 1024க்கு 768. டிரைவரை நோண்டினேன், கெர்னலை மாற்றினேன், பொழுதே போய்விட்டது. கடைசியில் பார்த்தால் விஜிஏ கேபிளின் இரண்டு திருகுகளும் மாட்டப்படவே இல்லை. தறி ஆட்டத்தில் பிளக் மெல்ல நகர்ந்து நகர்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நிறத்துக்கான முள்கள் தொட்டுக்கொண்டிருந்ததால் படம் வந்தது. இடிட் கொண்டுவருகிற 12ஆம் முள்ளும் 15ஆம் முள்ளும் இருக்கிறதே, அவைதான் தொடவில்லை.

நேற்று வரை எப்படி வந்தது? அந்தக் கணினியை அவர்கள் மாதக்கணக்கில் அணைத்ததே இல்லை. கேபிள் ஒழுங்காக இருந்த காலத்தில் வாங்கிய இடிட்டை வைத்தே அது ஓடிக்கொண்டிருந்தது. அப்கிரேடுக்காக மறுபடி எழுந்தபோதுதான் மானிட்டரிடம் புதிதாகக் கேட்டது, பதில் வரவில்லை. பழி அப்கிரேடின் மேல் விழுந்தது. அன்றிலிருந்து "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு" என்று யாராவது சொன்னால், "கடைசியாக எப்போது ரீஸ்டார்ட் செய்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

ஆகவே கேபிளைக் கழற்றித் திரும்பச் செருகி, திருகை இறுக்கி, மானிட்டரை முதலில் எழுப்பிவிட்டுக் கணினியை எழுப்புங்கள். முள் வளைந்திருக்கிறதா பாருங்கள் (9ஆம் முள் சில கேபிள்களில் பிறவியிலேயே இருக்காது, அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்). நடுவில் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுகிற குட்டிக் கன்வெர்ட்டர், ஸ்பிளிட்டர், இரண்டு கணினிக்கு ஒரு மானிட்டர் வைக்கிற சுவிட்ச் எது இருந்தாலும் எடுத்துவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள். மலிவான கன்வெர்ட்டர்களில் பல இடிட்டை விழுங்கிவிடும். காது கொடுத்துக் கேளுங்கள்: புதுக் கேபிள் ஒன்றின் விலை, நீங்கள் இதில் செலவழிக்கப்போகிற ஒரு மதியத்தைவிடக் குறைவு.

லேப்டாப்பின் சொந்தத் திரைக்கு இது பொருந்தாது. அங்கே கேபிள் உள்ளேயே இருப்பதால் இடிட் அறுவது அபூர்வம், பட்டியல் சுருங்கினால் டிரைவரைத்தான் பார்க்க வேண்டும்.

கேபிள் கடைக்கு நாளைக்குத்தான் போக முடியும். பொழுதோட டிசைன் அனுப்பியாக வேண்டும். ஏதாவது வழி?

எக்ஸ் அமர்வில் இருந்தால் கையாலேயே அளவைச் சேர்க்கலாம் (திரையில் படம் காட்டுகிற முறை லினக்ஸில் இரண்டு, பழையது எக்ஸ், புதியது வேலண்ட்; உங்களுடையது எது என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்). முதலில் சிவிடி 1920 1080 60 என்று தட்டுங்கள். மோட்லைன் என்று தொடங்கி ஒரு வரி வரும்: மேற்கோளுக்குள் ஒரு பெயர், அப்புறம் 173.00 1920 2048 2248 2576 1080 1083 1088 1120, கடைசியில் கழித்தல் எச்சிங்க், கூட்டல் விசிங்க். மோட்லைன் என்ற சொல்லை விட்டுவிட்டு மீதி முழுவதையும் காப்பி செய்யுங்கள். எக்ஸ்ரேண்டர், இரட்டைக் கழித்தல் நியூமோட், காப்பி செய்தது. அடுத்து எக்ஸ்ரேண்டர், இரட்டைக் கழித்தல் ஆட்மோட், விஜிஏ-1 (பெரிய எழுத்தில்), அந்த மேற்கோள் பெயர். கடைசியாக எக்ஸ்ரேண்டர், இரட்டைக் கழித்தல் அவுட்புட், விஜிஏ-1, இரட்டைக் கழித்தல் மோட், அதே பெயர். திரை ஒரு முறை கண் சிமிட்டிவிட்டு விரியும். மானிட்டரில் "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று வந்தால் பதறாதீர்கள், அந்த மானிட்டர் அந்த அளவைத் தாங்காது, அவ்வளவுதான். வெளியேறித் திரும்ப உள்ளே வந்தால் பழையபடி ஆகிவிடும்.

1366க்கு 768 மானிட்டர் உள்ளவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை: சிவிடியிடம் 1366 கேட்டால் 1368 என்று தரும். தப்பு இல்லை, எட்டால் வகுபடுகிற எண்ணாக்கிக் கொடுக்கிறது. இரண்டு புள்ளி ஓரத்தில் மறையும், யாருக்கும் தெரியாது.

இந்த மூன்று வரியையும் வீட்டு ஃபோல்டரில் .எக்ஸ்புரொஃபைல் என்ற ஃபைலில் போட்டு வைத்தால் ஒவ்வொரு முறையும் தானாக நடக்கும். வேலண்ட் அமர்வில் இந்த வித்தை பலிக்காது. அங்கே கிரப் ஃபைலின் அதே "கொயட் ஸ்பிளாஷ்" வரியில் வீடியோ, சமக்குறி, விஜிஏ-1, முக்காற்புள்ளி, 1920, எக்ஸ், 1080, அட் குறி, 60 என்று இடைவெளி இல்லாமல் சேர்த்து அப்டேட்-கிரப் கொடுங்கள். இது கெர்னலுக்கே சொல்லிவிடுவதால் இரண்டு அமர்விலும் வேலை செய்யும், என்விடியாவின் சொந்த டிரைவர் தவிர.

நான் எந்த அமர்வில் இருக்கிறேன் என்று எப்படித் தெரியும்?

எக்கோ என்று தட்டி, டாலர் குறி போட்டு, எக்ஸ்டிஜி, அடிக்கோடு, செஷன், அடிக்கோடு, டைப் என்று எல்லாம் பெரிய எழுத்தில் கொடுங்கள். எக்ஸ்11 அல்லது வேலண்ட் என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். உபுண்டு 24.04இல் பாஸ்வேர்டு போடுகிற திரையில் வலது கீழ் மூலையில் பல்சக்கரம் இருக்கும், அதில் "உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க்" தேர்ந்தெடுத்தால் எக்ஸ் அமர்வுக்கு வரலாம். 25.10இல் அந்த வாய்ப்பையே எடுத்துவிட்டார்கள், அங்கே கெர்னல் வழிதான். மின்ட்டின் சின்னமன் டெஸ்க்டாப் வழக்கமாக எக்ஸ்தான்.

நான் அந்த மூன்று வரியை வருஷக்கணக்கில் வைத்திருக்கிறேன். அப்கிரேடுக்குப் பிறகு "அப்படி ஒரு திரையே இல்லை" என்கிறது.

பெயர் மாறியிருக்கும். பழைய இன்டெல் டிரைவர் விஜிஏ1, எச்டிஎம்ஐ1 என்று ஒட்டி எழுதும். இப்போது வழக்கத்தில் உள்ள மோட்செட்டிங் டிரைவர் நடுவில் கோடு போட்டு விஜிஏ-1 என்று எழுதும். என்விடியா பூஜ்யத்திலிருந்து எண்ணும், எச்டிஎம்ஐ-0. எக்ஸ்ரேண்டரை மட்டும் தட்டி இப்போதைய பெயரைப் பார்த்து ஸ்கிரிப்டில் மாற்றுங்கள்.

பாஸ்வேர்டு கேட்கிற திரை அழகாக இருக்கிறது. உள்ளே போனதும்தான் பெருக்கிறது.

நல்ல சேதி. டிரைவரும் கேபிளும் சரி, உங்கள் கணக்கில் உள்ள பழைய நினைவுதான் குறுக்கே நிற்கிறது. ஃபைல் மேனேஜரில் கண்ட்ரோலோடு எச் அழுத்தினால் மறைந்த ஃபோல்டர்கள் தெரியும். .கான்ஃபிக் உள்ளே, உபுண்டு என்றால் மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல், மின்ட் சின்னமன் என்றால் சின்னமன்-மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் ஆட்களுக்கு எக்ஸ்எஃப்சிஇ4 ஃபோல்டருக்குள் தோண்டினால் டிஸ்ப்ளேஸ்.எக்ஸ்எம்எல். கேடிஇ டெஸ்க்டாப் மட்டும் எக்ஸ் அமர்வில் .லோக்கல், ஷேர் உள்ளே கேஸ்கிரீன் என்ற ஃபோல்டரில் வைக்கும். அழிக்க வேண்டாம், பெயருக்குப் பின்னால் "பழசு" என்று சேர்த்துவிட்டு வெளியேறி உள்ளே வாருங்கள். புதிதாக ஒன்றை அதுவே எழுதிக்கொள்ளும்.

எல்லாக் கணக்கிலும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் இடிசி ஃபோல்டரில் எக்ஸ்11 (எக்ஸ் பெரிய எழுத்து) உள்ளே எக்ஸ்ஆர்க்.கான்ஃப் என்று ஒரு பழைய ஃபைல் கிடக்கிறதா பாருங்கள். என்விடியா காலத்தில் எழுதியதாக இருக்கலாம். இப்போது அது பெரும்பாலும் தேவையே இல்லை, அதையும் பெயர் மாற்றி வையுங்கள்.

ரெசல்யூஷன் 1920க்கு 1080 என்று சரியாகவே காட்டுகிறது, ஆனாலும் எல்லாம் பெரிசு பெரிசாக இருக்கிறது.

அது ரெசல்யூஷன் இல்லைங்க, ஸ்கேல். அதே டிஸ்ப்ளே பக்கத்தில் 200 சதவீதம் என்று நிற்கும், 100க்குக் கொண்டுவாருங்கள். மானிட்டர் தன் நீள அகலத்தைத் தப்பாகச் சொன்னால் டெஸ்க்டாப் தானாக 200க்குத் தாவிவிடும், டிவி மாட்டியவர்களுக்கு இது அதிகம் நடக்கும். 125, 150 வைத்தால் சில மென்பொருள்களில் எழுத்து மங்கும், தமிழ் எழுத்தின் சுழிகளில் அது இன்னும் பளிச்சென்று தெரியும். எழுத்து மட்டும் பெரிதாக வேண்டும் என்றால் ஸ்கேலை 100இல் விட்டுவிட்டு எழுத்தளவை மட்டும் கூட்டுங்கள். என் பெரியப்பா கணினியில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

டிவியை மானிட்டராக வைத்திருக்கிறோம். கீழே உள்ள பட்டை பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது.

டிவி ரிமோட்டை எடுங்கள், லினக்ஸில் தேடாதீர்கள். படத்தின் அளவு என்ற இடத்தில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், 1:1 என்று டிவிக்கு டிவி வேறு பெயரில் இருக்கும். சேனல் பார்க்கிற பழக்கத்தில் டிவி ஓரங்களை வெட்டிப் பெரிதாக்குகிறது, அதை நிறுத்தினால் போதும்.

4கே மானிட்டர் வாங்கினேன். 30 ஹெர்ட்ஸ் மட்டும்தான் வருகிறது, மவுஸ் இழுபடுகிறது.

கணினியின் எச்டிஎம்ஐ 1.4 ஆக இருக்கும், அதில் 3840க்கு 2160 என்றால் 30தான். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட். அப்கிரேடுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

விர்ச்சுவல்பாக்ஸ் உள்ளே உள்ள உபுண்டு 800க்கு 600இல் நிற்கிறது.

கெஸ்ட் அடிஷன்ஸை மறுபடி நிறுவுங்கள், கிராஃபிக்ஸ் கண்ட்ரோலரை விஎம்எஸ்விஜிஏ என்று வையுங்கள்.

சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு ஃபார்மட் அடித்தால்தான் சரியாகும் என்கிறார். அடித்துவிடலாமா?

வேண்டாம். மேலே சொன்னதில் ஒன்றுகூட ஃபார்மட் தேவைப்படுகிற நோய் இல்லை. கேபிளில் கோளாறு இருந்தால் ஃபார்மட் அடித்தாலும் அதே 1024க்கு 768தான் வரும், இடையில் உங்கள் பில் ஃபைலும் டிசைனும்தான் காணாமல் போகும். ஒரு பென்டிரைவில் புது உபுண்டுவை ஏற்றி, நிறுவாமல் "டிரை" என்று மட்டும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அதிலும் திரை பெருத்தே இருந்தால், டிரைவரும் சரியாகவே காட்டினால், கேபிள் அல்லது மானிட்டர். அதில் சரியாக வந்தால் உங்கள் நிறுவலில் டிரைவரோ பழைய அமைப்போ தடுக்கிறது, இந்தப் பக்கத்தை மேலிருந்து மறுபடி படியுங்கள்.

எதுவும் சரிவரவில்லை, உங்களைக் கூப்பிடட்டுமா?

கூப்பிடுங்கள், கூப்பிடும் முன்னால் மூன்று போட்டோ அனுப்பிவிடுங்கள். எல்எஸ்பிசிஐ கழித்தல் கே-யில் கிராஃபிக்ஸ் வருகிற இடம், எக்ஸ்ரேண்டர் மட்டும் தட்டினால் வருவது, அப்புறம் கணினிக்குப் பின்பக்கம் மானிட்டர் கேபிள் மாட்டியிருக்கிற இடம். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு முதலில் வேண்டியது அதுதான். திரையைப் போட்டோ எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், கண்ணு, வெள்ளை வட்டம்தான் வருகிறது.